என் வீட்டில் அவள் சமைத்த நாட்கள்

என்னை மனநல மருத்துவமனையில் சேர்ப்பதற்காக என் தங்கை சொன்ன பொய் மிகச் சின்னது. "ஆனேக்கல்ல தறிக்காரங்க வூட்டுலயே பட்டுப்புடவ நேரா தராங்களாம்க்கா. பாத்துட்டு வரலாம், வா" என்றாள். நான் அப்போது இருந்த நிலையில் நிலாவுக்குப் போகலாம் என்றிருந்தாலும் கிளம்பியிருப்பேன். அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். என் கணவரின் நண்பர் வண்டியை ஓட்டினார். கணவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. தங்கை பின்சீட்டில் என்னோடு.

ஓசூரில் மெயின் ரோட்டுக்கு வந்ததும் கார் பெங்களூர்ப் பக்கம் திரும்பவில்லை. கிருஷ்ணகிரி ரோட்டில் ஏறியது.

"ஏய், ஆனேக்கல் அந்தப் பக்கம்டீ" என்றேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சூளகிரி தாண்டியபோது எனக்கு ஏதோ புரிந்தது. கதவைத் திறக்கப் போனேன். அவள் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கறவை மாட்டை இழுத்துக் கட்டிப் பழகிய கை. அதிலிருந்து உருவிக்கொள்ள முடியவில்லை. மருத்துவமனை வாசலில் இரண்டு பெண்கள் சக்கர நாற்காலியோடு நின்றார்கள். ஊசி ஜாக்கெட் கைக்கு மேலேயே இறங்கியது. கண் செருகுவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்தது என் தங்கையை. என் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதுவரை எங்கள் குடும்பத்தில் கேட்கப்படுகிறவள் நான்தான். சிங்காரப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். நிலக்கடலையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். டிப்ளமா முடித்து ஓசூருக்கு வேலைக்கு வந்த முதல் பெண் எங்கள் தெருவில் நான். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்து வேறொரு கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கட்டிக்கொண்டேன். ஊருக்குப் போனால் அப்பா, போர் போடலாமா வேண்டாமா என்று என்னிடம்தான் கேட்பார். என்னைவிட ஏழு வயது சின்னவளான தங்கை ஓரமாக நின்று பார்ப்பாள். "அக்காவப் பாத்துக் கத்துக்கோ" என்று யாராவது சொல்வார்கள். அவள் முகம் சுருங்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

நோய் எனக்கு நோய் மாதிரி வரவில்லை. பெரிய சந்தோஷமாக வந்தது. கம்பெனியில் புது லைன் போட்டார்கள், ஷிப்ட் மாறிமாறி வந்தது, தூக்கம் கெட்டது. பிறகு தூக்கமே தேவைப்படவில்லை. உடம்பில் யாரோ புது பேட்டரி போட்ட மாதிரி இருந்தது. மேனேஜரின் அறைக்குப் போய் அவர் ஆலையை எப்படி நடத்த வேண்டும் என்று விளக்கினேன். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை அடிமட்டத்துக்கு விழுந்திருந்தது. ஒருவர் டிராக்டரோடு ரோட்டோரம் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பெட்டி பெட்டியாக வாங்கி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருவில் எல்லார் வாசலிலும் வைத்தேன். சாஸ் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறேன் என்றேன். தெருவே சிரித்தது. அவர்கள் என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் கணவர் என் தங்கையை ஊரிலிருந்து வரவழைத்தார். பி.எஸ்சி. முடித்துவிட்டு அவள் வீட்டில் சும்மா இருந்தாள்.

அதற்கு மறுவாரம் மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி நோக்கிக் கிளம்பினேன். ஏன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கர்நாடக எல்லையைத் தாண்டினால் ஏதோ ஆகும் என்று அப்போது உறுதியாகத் தெரிந்திருந்தது. நெடுஞ்சாலை, மழை, இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். இருவரும் உரக்கப் பாடிக்கொண்டே போனோம். எதிர்த்திசையில் ஏறியிருக்கிறேன். ஒரு லாரிக்காரர் பிரேக்கின் மேலேயே ஏறி நின்றதால்தான் என் மகள் இன்று மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். செக்போஸ்டில் இருந்த போலீஸ்காரர் என் கணவருக்குப் போன் போட்டார்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். என்னைப் பிடித்துக்கொண்டு போனது அநியாயம் என்று மட்டும் சொல்லி முடித்தால் அது பாதி உண்மை. யாராவது ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

கண் விழித்தபோது என் மேல் பட்டுச் சேலை இல்லை, நைட்டி இருந்தது. தாலிச் சங்கிலியும் மெட்டியும் இல்லை. போன் இல்லை. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு அப்பால் வலை. இது சட்டப்படி எப்படி நடக்க வேண்டும் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவர் வேண்டாம் என்கிறபோதும் சேர்க்கலாம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். வேறு வழி இல்லை என்று ஆகியிருக்க வேண்டும். எதற்காக, எவ்வளவு காலம், யாரிடம் முறையிடலாம் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊசிக்குப் பிறகு சொல்லியிருந்தால் அது காதில் விழுந்திருக்கவும் செய்யாது.

முதல் சில நாட்கள் நிழல் மாதிரிதான் ஞாபகம் இருக்கின்றன. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியதால் தட்டில் இருந்த சாதம் வாய்க்கு வருவதற்குள் பாதி சிந்தியது. மூளை மெல்ல மெல்லக் கீழே இறங்க, அதில் முதலில் முளைத்த தெளிவான எண்ணம் இதுதான்: என் அடுப்படியில் இப்போது யார் நிற்கிறார்கள்?

அந்த எண்ணத்தை விரட்ட முடியவில்லை. என் மிக்சி, என் டப்பாக்கள், என் மகள் குளிக்கும் பச்சைப் பக்கெட். ஷிப்ட் முடிந்து வருகிற என் கணவருக்கு யார் கதவு திறக்கிறார்கள்? கட்டிலில் மல்லாந்து படுத்து வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடந்து பார்ப்பேன். எல்லா அறையிலும் அவள் இருந்தாள். என்னிடம் பொய் சொல்லி என்னைக் காலி செய்துவிட்டு அவள் குடிவந்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

அவர்கள் முதல்முறை பார்க்க வந்தபோது மகளையும் அழைத்து வந்தார்கள். பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் புது கவுன் போட்டிருந்தாள். தலையை நடுவகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து ரிப்பன் கட்டியிருந்தது. நான் அப்படிக் கட்டியதே இல்லை. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுவதோடு சரி. பின்னலோடு அவள் முகமே வேறு மாதிரி, யாரோ வசதியான வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது. "வா கண்ணு" என்று கையை நீட்டினேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது, பிறகு திரும்பி என் தங்கையின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அப்போதுதான் கவனித்தேன், தங்கை என் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. எழுந்து போய் அந்தத் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "என் செருப்பு, என் புள்ள, என் வூடு. இன்னும் இன்னாடீ வேணும் உனக்கு?" என்று கத்தினேன். பிள்ளை வீறிட்டது. பணிப்பெண்கள் வந்து என்னைப் பிடித்தார்கள். அன்றைக்கு ஒரு ஊசி கூடுதலாகப் போட்டு, கையைக் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். என் கணவர் கதவருகே நின்று அழுததாகப் பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை.

மறுநாள் இளம் டாக்டர் ஒருவர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். நல்ல பையன்தான், குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"தங்கச்சி மேல உங்களுக்கு என்ன சந்தேகம்மா?"

"சந்தேகம் இல்ல சார். அவ என் எடத்துல இருக்கா."

"உங்க எடத்துலன்னா? உங்களுக்கு எதிரா ஏதாவது பண்றாங்களா? சாப்பாட்டுல ஏதாவது கலக்கறாங்கன்னு தோணுதா?"

"என் சாப்பாட்டுல இல்ல சார். அவர் சாப்பாட்டுல உப்பு காரமெல்லாம் சரியாப் போடறா. எனக்கு அது வராது."

அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை, மருந்து கூடியபோது தெரிந்துவிட்டது. அங்கே எனக்கு ஒரு பயம் வந்தது. இன்றுவரை அது முழுசாகப் போகவில்லை. எனக்குள் எது நோய், எது வெறும் மனசு என்று பிரித்துச் சொல்கிற உரிமை இனி என்னிடம் இல்லை. தக்காளியைத் தெரு முழுக்க வைத்தது நோய். ஸ்கூட்டரில் கிளம்பியது நோய். சரி, ஒத்துக்கொள்கிறேன். தன் பிள்ளை இன்னொருத்தியின் மடியில் ஒளிந்துகொள்வதைப் பார்த்து வயிறு எரிவதும் அதே கணக்கில் சேர்ந்துவிட்டது. என்னுடைய பொறாமை எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணுக்கும் வருகிற பொறாமைதான். ஆனால் அதைக் கம்பிக்கு உள்ளே இருந்து சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

பக்கத்துக் கட்டிலில் கன்னடக்கார அக்கா ஒருத்தி இருந்தாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். புருஷன் இறந்த பிறகு தம்பிகள் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவளைப் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் தலை சீவி, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, "நன் தம்ம பர்த்தானெ" என்பாள், என் தம்பி வருவான் என்று. நிலத்தில் தன் பங்கைக் கேட்டதற்குத்தான் இங்கே கொண்டுவந்தார்கள் என்றும் சொல்வாள். நிஜமா, அவளுடைய மனம் சொல்கிற கதையா, எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன், தம்பிகள் சொன்னதைத்தானே அவரும் கேட்டிருப்பார். எனக்கு அவள் மேலும் பொறாமை இருந்தது என்றால் நம்புவீர்களா? அவளுக்குப் பதிலாக அவள் வீட்டில் யாரும் வந்து நிற்கவில்லை. அவளுடைய இடம் காலியாகவாவது இருந்தது. இதை ஒரு நாள் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக அவளிடம் சொன்னேன். அவள் தனக்குத் தெரிந்த தமிழில், "உன்னைப் பாக்க ஒருத்தியாவது வர்றாளே" என்றாள். நான் வீட்டுக்குப் போகும்போதும் அவள் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். எங்கேயோ ஒரு இல்லத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று சொல்லவில்லை.

வெளியே வர என்ன வழி என்று நான் கற்றுக்கொண்டேன். அடுத்த முறை அவர்கள் வந்தபோது தங்கையைப் பார்த்துச் சிரித்தேன். "நல்லாப் பாத்துக்கற, பாவம், உனக்கும் அலைச்சல்" என்றேன். டாக்டர் கேட்டபோதும் அதையே சொன்னேன். தூக்கம் உண்மையிலேயே திரும்பியிருந்தது, பேச்சின் வேகமும் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கடைசியாக எதிர்பார்த்த அந்த ஒரு சான்றிதழை மருந்து தரவில்லை, நான் நடித்துத் தந்தேன். "இப்ப நல்ல முன்னேற்றம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீடு பளபளவென்றிருந்தது. அதுதான் முதல் அடி. மிளகாய்த்தூள் டப்பா கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்குப் போயிருந்தது. பருப்பு வேறு பாட்டிலில் இருந்தது. பால்கனியில் துளசி வைத்திருந்தாள், அதுவும் தழைத்திருந்தது. நான் வைத்த எந்தச் செடியும் அந்த பால்கனியில் பிழைத்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஊர்க் கத்திரிக்காய்க் குழம்பு, எங்கள் அம்மா வைக்கிற அதே பதம். என் கணவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். கல்யாணத்தின்போது எங்கள் ஊர்ச் சாப்பாடு காரம் என்று முகம் சுளித்தவர். மகள் தூங்கப் போகும்போது தலையணையைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

அதுதான் அந்த நாட்களின் கொடுமை. குரல் கொஞ்சம் உயர்ந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். டப்பாவை ஏன் மாற்றினாய் என்று கேட்டால், "மாத்திரை போட்டியாம்மா?" என்பார் கணவர். சில சமயம் என்னிடம்கூடக் கேட்க மாட்டார். நான் பக்கத்திலேயே இருக்க, தங்கையிடம், "அவ போட்டாளா?" என்பார். "போட்டாச்சு மாமா" என்பாள் அவள். என் வாய்க்குள் போன மாத்திரைக்கு அவள் பதில் சொன்னாள். கம்பெனியில் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் போட்டுவிட்டோம் என்றார்கள். அங்கேயும் என் ஸ்டூலில் யாரோ.

அவர்கள் இருவருக்கும் நடுவே ஏதாவது இருக்குமோ என்றும் யோசித்தேன். யோசிக்காமல் எப்படி இருக்க முடியும்? துணி காய்ந்த கொடியில் அவர் சட்டைக்குப் பக்கத்தில் அவள் சுடிதார் தொங்கினால்கூடப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. அவள் அவரிடம் எப்போதும் எட்டியே நின்று பேசினாள். குற்றம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவள் நல்லவளாக இருந்தது என்னை இன்னும் எரித்தது. ஒரு தப்பாவது செய்திருந்தால் அதை வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். மத்தியான வெயிலிலும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை கண்ணைத் திறக்காமலே, "சித்தி, தண்ணி" என்றாள்.

தங்கை டம்ளரோடு வந்தாள். நான் அதைத் தட்டிவிட்டேன். சுவரில் பட்டு உருண்டது.

"போடீ! உன் வூருக்குப் போ. இன்னும் ஒரு நாளு நீ என் வூட்டுல இருக்கக் கூடாது!"

பிள்ளை அழ ஆரம்பித்தது. கணவர் ஓடிவந்தார். ஈரத் தரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உடனே போனை எடுத்தார். "சார், அன்னைக்கு வந்தோமே, ஓசூர்லருந்து..." என்று தொடங்கினார். மறுபடியும் அந்தக் கட்டில், அந்தத் துணி.

தங்கை போய் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"இப்ப இன்னா ஆயிப்போச்சுன்னு போன் பண்றீங்க மாமா?"

"பாத்தேல்ல? டம்ளரைத் தூக்கி எறியுறா. திரும்ப ஆரம்பிச்சிருச்சு."

"போன வாரம் சாம்பார்ல உப்பு இல்லன்னு நீங்க தட்ட நவுத்துனீங்களே. உங்கள யாராச்சும் கார்ல ஏத்துனாங்களா?"

"நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"அதான் மாமா. நீங்க கோவப்பட்டா கோவம். அவ கோவப்பட்டா நோவா?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அவ என்னப் பாத்து வவுறு எரியறா. எரியாதா பின்ன? பெத்த புள்ள இன்னொருத்தியக் கூப்புட்டா யாருக்குத்தான் எரியாது? எனக்கு மட்டும் இல்லன்னு நெனச்சீங்களா? சின்னதுலேருந்து அக்கா அக்கான்னு வூரே இவளத் தூக்கி வச்சினு ஆடுச்சு. இவ அங்க கெடந்தப்ப இந்தப் புள்ளைக்கு சோறு ஊட்டி, குளிப்பாட்டி, தல வாரி எல்லாம் பண்ணேன். படுத்ததும் அது கேக்கறது 'அம்மா எங்க'. தெனமும் 'அம்மா எங்க'. எனக்கு எப்புடி இருந்துச்சு தெரியுமா? பொய் சொல்லி ஒரு வாட்டி கூட்டினு போனேன். அதுக்கே எனக்கு இன்னும் தூக்கம் வர்றதில்ல. இன்னொரு வாட்டி மாட்டேன்."

அவள் எனக்காகப் பேசினாள். அதற்கு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் இனித்தது வேறு. மகள் தினமும் என்னைத்தான் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டு இவளுக்கு எரிந்திருக்கிறது. இத்தனை நாள் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்ற கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவளுடைய எரிச்சலை நான் ஒரு மிட்டாய் மாதிரி வாயில் வைத்துச் சுவைத்தேன். பிறகு எழுந்து போய்த் தரையைத் துடைத்தேன். அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என் கணவர் கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அவரும் வந்தார். "பயமா இருக்கும்மா. நான் ஷிப்டுக்குப் போனதும் நீ புள்ளையைத் தூக்கிக்கிட்டு வண்டியைக் கெளப்பிருவியோன்னு மிஷின் முன்னாடி நின்னுக்கிட்டே பயந்துக்கிட்டு இருக்கேன். அந்த லாரி கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த லாரி எனக்கும் நிற்கிறது.

அதன் பிறகு வேறு டாக்டரிடம் போனோம். அரசு மருத்துவமனையில் ஒரு அம்மா, தலை நரைத்தவர். மூன்று பேரையும் தனித்தனியாகவும் பேசச் சொன்னார், சேர்த்தும் பேசச் சொன்னார். நோய் மறுபடி வரலாம் என்று என்னிடமே நேராகச் சொன்னார். அப்படி வந்தால் எனக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, என் சார்பில் யார் முடிவெடுப்பது என்று நான் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். யார் பெயரைப் போடுவது என்று கேட்டபோது கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி பேரப் போடுங்க மேடம்" என்றேன்.

அவர் முகம் வாடிப்போனது. இந்த முறை பொறாமைப்படுவது அவர் முறை. டாக்டர் ஏன் என்று கேட்டார்.

"அவருக்கு என்னக் கண்டா பயம் மேடம். பயப்படறவங்க சீக்கிரம் கதவச் சாத்திருவாங்க. இவளுக்கு எம்மேல பொறாமதான். அது பரவால்ல, எனக்கும் இருக்கு."

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"வேற ஏதாவது நிபந்தனை?" என்றார் டாக்டர்.

இரண்டு சொன்னேன். எனக்கு எவ்வளவு முற்றியிருந்தாலும் என்னிடம் பொய் சொல்லக் கூடாது. நான் இல்லாதபோது இவள் என் வீட்டில் சமைக்கக் கூடாது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நிஜமாவா?" என்றார். "நிஜமாத்தான்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே எழுதினார். மருந்தைக் கூட்டவில்லை.

நோய் மறுபடி வந்தது. அதற்குள் தங்கை ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து பெண்கள் விடுதியில் இருந்தாள். நான் பார்த்த அதே குவாலிட்டி வேலை. நீல கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நானோ தெருவில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் தூக்கம் குறைந்தது, சந்தோஷம் கூடியது, பேச்சு ஓடியது. கணவர் அவளுக்குச் சொல்லிவிட்டார். காலை ஷிப்டுக்குப் போகாமல் அதே நீல கோட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, உனக்குத் திரும்பி வந்துருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். வேற எங்கியும் இல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான்."

நான் அவளைச் சொல்லாத வார்த்தை இல்லை. "நான் போனதும் உள்ள பூந்துக்கலாம்னு பாக்கறியா? என் வூடு வேணுமா உனக்கு?"

"ஆமா, வேணும். உன் வூட்டுல ரெண்டு ஃபேன் ஓடுது. என் ஆஸ்டல்ல ஆறு பேருக்கு ஒண்ணு. இப்ப செருப்பப் போடு."

நான் போடவில்லை. அவள் எழுந்து போகவும் இல்லை. கணவர் கதவருகே தவித்துக்கொண்டு நின்றார். யாருக்கும் போன் செய்யவில்லை. நான் கத்தி ஓய்ந்து, பேசி ஓய்ந்து, பாடி ஓய்ந்தேன். அவள் நடுவில் ஒருமுறை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "சமைக்கல, தண்ணிதான்" என்றாள். மத்தியானம் கடந்து ஏதோ ஒரு கணத்தில், அவள் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்துத்தானோ என்னவோ, எழுந்து ஆட்டோவில் ஏறினேன். வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அரசு மருத்துவமனையில் என் கையெழுத்தை நானே போட்டேன், கோணல்மாணலாக.

முழு மனதோடு போனேன் என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் முழு மனது என்று ஒன்று ஏது? நான் கடைசிவரை எழுந்திருக்காமல் இருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று பிறகு கேட்டேன். "தூக்கினு போயிருப்பேன்" என்றாள். "ஆனா தூக்கினு போறேன்னு சொல்லிட்டுத்தான் தூக்குவேன்." இதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு இல்லை என்று என்னால் இப்போதும் அறுத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் முதல் தடவை வந்த கெட்ட கனவுகள் இந்தத் தடவை வரவில்லை. அறையில் கதவு பூட்டியிருக்கவில்லை. சீக்கிரமே வீடு திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் என் கணவரும் மகளும் மெஸ்ஸில் வாங்கிச் சாப்பிட்டு, இருவருக்கும் வயிறு கெட்டுப்போயிருந்தது. தங்கை தினமும் வந்து பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை தர்மபுரி, பள்ளிக்கூடத்தில் வேலை. அப்பா என் விஷயத்தைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தார். அவள் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே அவனைத் தனியாக நிறுத்தி, "எங்க அக்காவுக்கு ஒடம்பு முடியாமப் போவும். அப்ப நான் எங்க இருந்தாலும் வரணும். அதுக்கு ஒத்துக்கறதா இருந்தா பேசலாம்" என்று சொல்லியிருக்கிறாள். அவன், "எங்க சித்தப்பாவுக்கும் இருக்குங்க" என்றானாம். அதைக் கேட்டபோது நல்ல பையன் என்று தோன்றியது. நல்ல பையன் என்று தோன்றியதும் பிடிக்காமல் போனது.

முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் எனக்குத்தான் கூப்பிடுவாள். இப்போது நான் கூப்பிட்டால் வேறு அழைப்பில் இருக்கிறாள். வந்தாலும் பாதிப் பேச்சில் போன் ஒலிக்கிறது, பால்கனிக்குப் போய்விடுகிறாள். போன வாரம் டாக்டர் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"மேடம், தங்கச்சிக்குக் கல்யாணம். எனக்கு அந்தப் பையன் மேல பொறாமையா இருக்கு."

"தூக்கம் எப்படி?"

"நல்லாத் தூங்கறேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த மாத மருந்தை எழுதினார். அதைப் பற்றி வேறு எதுவும் எழுதவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் காகிதத்தில் வேறு யார் பெயரையாவது போடலாமா என்று அவளிடம் கேட்டேன். தர்மபுரியிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடலாம், பெயர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.